கதவைத் தட்ட ஓர் ஆள்

(நமது சங்கத்தின் ஆண்டுப் பொதுக்குழுவில், உடற்பயிற்சி அறை பற்றிய விவாதத்துக்கு முன்பாகப் பேசியது. அன்றைக்கு வர முடியாதவர்களுக்காக இங்கே எழுத்தில்.)



எனக்குக் கொடுத்த தலைப்பு, "தினமும் உடற்பயிற்சி செய்ய உந்துதலைப் பெறுவது எப்படி?" நான் டாக்டர் இல்லை, யோகா மாஸ்டரும் இல்லை. பி.காம். படித்து, 1982-ல் வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்து, 2019-ல் கிளார்க்காகவே ஓய்வு பெற்றவன். என்னை ஏன் கூப்பிட்டார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். இந்த வளாகத்தில் உடற்பயிற்சியை அதிக தடவை ஆரம்பித்தவன் நான்தான். அதாவது அதிக தடவை நிறுத்தியவனும் நான்தான். அந்த அனுபவத்தில் பேசுகிறேன்.

ஓய்வு பெற்ற வருடமே ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை வந்துவிட்டது. மூன்று மாதச் சராசரி 8.4. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, "சார், தினமும் நடங்க" என்றார். "சரிங்க டாக்டர்" என்றேன். வங்கியில் 37 வருடம் மேனேஜருக்குச் சொன்ன அதே "சரிங்க" தான். ஷூ வாங்கினேன். டிராக் பேண்ட் வாங்கினேன், திருப்பூரில் இருந்துகொண்டு அதைக் காசு கொடுத்து வாங்கியதற்கு என் மச்சினன் இன்னும் கிண்டல் பண்ணுகிறான். நாலு நாள் நடந்தேன். மழை வந்தது. அதோடு சரி.

அப்புறம் 2023 ஜனவரி முதல் தேதி ஒரு ஜிம்மில் சேர்ந்தேன். எந்த ஜிம் என்பது வேண்டாம், தப்பு அவர்கள் மேல் இல்லை. வருடச் சந்தா 14,000 ரூபாய். காசு கட்டிவிட்டால் போய்த்தானே ஆகணும் என்று ஒரு கணக்கு. ஜனவரியில் 12 நாள் போனேன். பிப்ரவரியில் 6 நாள். மார்ச்சில் ஒரே ஒரு நாள், அதுவும் அங்கே மறந்து வைத்த ஷூவை எடுத்து வர. 19 நாளுக்கு 14,000. ஒரு தடவைக்கு 737 ரூபாய். ஷூ எடுக்கப் போனதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இது என் ஒருவனுடைய முட்டாள்தனம் என்று நினைத்துக் கொண்டிருந்தேன். இல்லையாம். அமெரிக்காவில் இரண்டு பொருளாதாரப் பேராசிரியர்கள், டெல்லாவிக்னா, மால்மெண்டியர் என்று பெயர், மூன்று ஜிம்களில் 7,000-க்கும் மேற்பட்ட உறுப்பினர்களின் வருகைப் பதிவை எடுத்துக் கணக்குப் போட்டு 2006-ல் வெளியிட்டார்கள். மாதச் சந்தா கட்டியவர்கள் சராசரியாக மாதத்துக்கு 4.3 தடவைதான் வந்திருக்கிறார்கள். ஒரு வருகைக்கு 17 டாலருக்கு மேல் விழுந்திருக்கிறது. அதே ஜிம்மில் 10 டாலருக்கு ஒரு தடவை போய்வருகிற பாஸ் இருந்தது. ஆனாலும் சந்தாதான் கட்டினார்கள். "வாங்கிவிட்டால் செய்துவிடுவோம்" என்ற நம்பிக்கை அங்கேயும் இங்கேயும் ஒன்றுதான்.

இப்போது நம் பொதுக்குழு முன்னால் ஒரு தீர்மானம் இருக்கிறது. தரைத்தளத்து அறையில் இரண்டு டிரெட்மில், ஒரு சைக்கிள், இன்னும் சில சாமான்கள், மொத்தம் நாலரை லட்சம். அதைப் பற்றி என் கருத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் இந்த உந்துதல் விஷயம். நாம் எல்லோரும் என்ன நினைக்கிறோம்? மனசு வரணும், வந்த பிறகு ஆரம்பிக்கலாம் என்று. பொங்கல் முடியட்டும், ஷிப்மென்ட் போகட்டும், பையன் பரீட்சை முடியட்டும், அப்போது மனசு வந்துவிடும். நான் வணிகவியல் படித்தவன், எனக்குத் தெரிந்த பாஷையில் சொல்கிறேன். உந்துதலை நாம் ஆரம்ப இருப்பு என்று நினைக்கிறோம், கையில் அது இருந்தால்தான் கணக்கே தொடங்க முடியும் என்று. அது ஆரம்ப இருப்பு இல்லைங்க. அது வட்டி. கணக்கு ஓடிக்கொண்டிருந்தால் தானாக வரும். காலை 5.40-க்குப் படுக்கையில் கிடக்கிறவனுக்கு அது ஒரு பைசா வராது. மூன்றாவது சுற்றில்தான் வரும்.

அப்படியானால் முதல் சுற்றுக்கு எது இழுத்துக்கொண்டு போகும்?

இதற்குப் பதில் என் தொழிலிலேயே இருந்தது, எனக்குத்தான் தாமதமாகப் புரிந்தது. உடுப்பியில் 1925-ல் ஒரு வங்கி ஆரம்பித்தார்கள், பின்னாளில் சிண்டிகேட் வங்கி என்று ஆனது, 2020-ல் கனரா வங்கியோடு சேர்ந்தது. அந்தப் பகுதியில் கைத்தறி நெசவு நொடித்துப்போய், நெசவாளிகளுக்குக் கை கொடுக்கத்தான் அதைத் தொடங்கினார்கள். 1928-ல் அவர்கள் பிக்மி டெபாசிட் என்று ஒரு திட்டம் கொண்டு வந்தார்கள். வங்கி ஏஜென்ட் தினமும் வீட்டு வாசலுக்கே வருவார். இரண்டணா கொடுத்தாலும் வாங்கிக்கொண்டு எழுதிக் கொடுப்பார்.

நான் வேலை பார்த்தது வேறு வங்கி. ஆனால் தினசரி சேமிப்பு வசூல் எங்களிடமும் இருந்தது. காதர்பேட்டைக் கடைகளில், பனியன் கம்பெனி வாசலில், டீக்கடையில் எங்கள் ஏஜென்ட் சைக்கிளில் போய் ஐந்தும் பத்துமாக வாங்கி வருவார். கவுண்டரில் உட்கார்ந்து நான் பார்த்தது இதுதான்: மாதம் ஒருமுறை நானே வந்து கட்டுகிறேன் என்றவர்களில் பாதிப் பேர் நாலாவது மாதம் காணாமல் போவார்கள். தினம் ஏஜென்ட் போகிற டீக்கடைக்காரர் வருடக் கடைசியில் மகளுக்குத் தோடு எடுப்பார். டீக்கடைக்காரருக்கு மன உறுதி அதிகம் என்றா அர்த்தம்? இல்லை. அவர் கதவை ஒருவர் தினமும் தட்டினார். தொகை சிறியது, மறுத்தால் வெட்கம். அன்றைக்கே நோட்டில் ஒரு வரி ஏறும். அவ்வளவுதான் ரகசியம்.

அரசாங்கத்துக்கும் இது தெரிந்திருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ஆரம்பித்த "மக்களைத் தேடி மருத்துவம்" என்ன செய்கிறது? பிரஷர், சர்க்கரை மாத்திரையை வீட்டுக்கே கொண்டு வந்து கொடுக்கிறது. உடம்பு நம்முடையது, மாத்திரை இலவசம், அப்படியும் ஆஸ்பத்திரிக்குப் போய் வாங்க நமக்குக் கால் நகராது என்று கண்டுபிடித்திருக்கிறார்கள்.

என் கதவைத் தட்டியவர் பி பிளாக்கில் இருக்கும் ஐயா. பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார், மற்றதைச் சொல்ல அனுமதி கொடுத்திருக்கிறார். நாற்பது வருடம் கட்டிங் மாஸ்டராக மேசை முன்னால் நின்றே வேலை பார்த்தவர். 2023 ஜூன் மாதம் லிப்டில் என்னைப் பார்த்து, "ஏனுங்க, காலைல நடக்கப் போறேன், உங்களையும் கூப்பிடட்டுங்களா?" என்றார். மரியாதைக்குச் "சரிங்க" என்றேன். மறுநாள் 5.40-க்குக் காலிங் பெல் அடித்துவிட்டது!

முதல் மூன்று வாரம் அவரை மனதுக்குள் திட்டாத நாள் இல்லை. வீட்டம்மாவிடம், "நான் இல்லைன்னு சொல்லு" என்று ஒருநாள் சொன்னேன். "காலைல அஞ்சே முக்காலுக்கு எங்க போயிட்டீங்கன்னு சொல்றது?" என்று அவள் கேட்டாள். நியாயமான கேள்வி. எழுந்து போனேன்.

நம் வளாகத்துச் சுற்றுப்பாதை ஒரு சுற்று 310 மீட்டர், நானே டேப் வைத்து அளந்தது. நிதானமாக ஆறு சுற்று நடந்தால் 22 நிமிடம் ஆகும். உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்னது, பெரியவர்களுக்கு வாரம் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடலுழைப்பு. ஏழால் வகுத்துப் பாருங்கள், நம் ஆறு சுற்று கணக்கு டேலி ஆகிவிடும். 65 தாண்டியவர்கள் விழாமல் இருக்க நிலைத்தன்மைப் பயிற்சியும் செய்யச் சொல்கிறார்கள். கைப்பிடிச் சுவர் பக்கத்தில் ஒற்றைக் காலில் நிற்பதுதான். செய்து பாருங்கள், உங்கள் வயது தெரிந்துவிடும்.

பத்தாயிரம் அடி நடந்தே ஆகணும் என்று பயமுறுத்துகிறவர்களுக்காக ஒரு செய்தி. அந்தப் பத்தாயிரம் எந்த டாக்டரும் சீட்டில் எழுதியது இல்லை. டோக்கியோ ஒலிம்பிக் முடிந்த அடுத்த வருடம், 1965-ல், ஜப்பானில் ஒரு கம்பெனி விற்ற அடி எண்ணும் கருவிக்கு "மான்போ-கெய்" என்று பெயர் வைத்தது. பத்தாயிரம் அடி மீட்டர் என்று அர்த்தம். வியாபாரப் பெயர் அப்படியே ஊரெல்லாம் விதியாகிவிட்டது. 2023 நவம்பர் 4-ல் நம் மாநிலத்தில் 38 மாவட்டத்திலும் 8 கிலோமீட்டர் பாதை குறித்து "நடப்போம் நலம் பெறுவோம்" ஆரம்பித்தார்களே, அதற்கும் டோக்கியோவில் பார்த்த ஒரு நடைபாதைதான் முன்மாதிரி. நல்ல விஷயம், முடிந்தவர்கள் போங்கள். ஆனால் எட்டு கிலோமீட்டர் முடியாது என்பதற்காக எட்டு நிமிடமும் நடக்காமல் இருக்க வேண்டாம். ஹார்வர்டைச் சேர்ந்த ஐ-மின் லீ குழு 2019-ல் சுமார் 17,000 வயதான அமெரிக்கப் பெண்களைக் கவனித்து எழுதியது: தினம் 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடம் இறப்பு 41 சதவீதம் குறைவு. 7,500-க்கு மேல் கூடுதல் லாபம் தெரியவில்லை.

என் கதைக்கு வருகிறேன். பத்து மாதம் ஒழுங்காக நடந்தேன். சர்க்கரை 6.9-க்கு வந்தது. நடையால் மட்டும் என்று சொல்ல மாட்டேன், மாத்திரையும் உண்டு, மதியச் சோற்றை வீட்டம்மா அளந்து போடுவதும் உண்டு. எனக்கு மன உறுதி வந்துவிட்டது என்று நம்பினேன். சொந்தக்காரர்களுக்கு உபதேசம்கூடச் செய்தேன். 2024 மே மாதம் ஐயா ஓசூரில் மகள் வீட்டுக்கு 24 நாள் போனார். அந்த 24 நாளில் நான் நடந்தது மூன்று நாள்!

அன்றைக்குத்தான் தெரிந்தது, உறுதி என்னுடையது இல்லை, அந்தக் காலிங் பெல்லினுடையது. அதனால் இன்னொரு வேலை செய்தேன். இருபத்தைந்தாம் நாள் அவர் வருவதற்குள் நானே சி பிளாக்கில் ஒரு தம்பியின் கதவைத் தட்டினேன். டெக்ஸ்டைல் மெர்ச்சண்டைசர், முப்பத்தெட்டு வயது, பிரஷர் மாத்திரை ஆரம்பித்துவிட்டார். தட்டுகிற ஆளாக மாறிய பிறகு எனக்குப் படுக்கையில் கிடக்க வழியே இல்லை. வசூல் ஏஜென்ட் லீவு போட்டால் டீக்கடைக்காரர் சும்மா இருப்பாரா?

லண்டனில் பிலிப்பா லாலி என்பவரின் ஆய்வு ஒன்று உண்டு. 96 பேர், ஆளுக்கொரு புதுப் பழக்கம், 12 வாரம். பழக்கம் தானாக நடக்கிற நிலைக்கு வரச் சராசரி 66 நாள் பிடித்தது. சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள் வரை ஆகும் என்று கணக்கு வந்தது. அதில் எனக்குப் பிடித்த விஷயம் வேறு: இடையில் ஒருநாள் விட்டுப்போனதால் பெரிய பாதகம் ஒன்றும் இல்லை. நாம் ஒருநாள் விட்டால், "போச்சு, அடுத்த ஒண்ணாம் தேதி பார்க்கலாம்" என்கிறோம். எந்த வங்கியிலும் ஒரு தவணை தவறியதற்காக வாடிக்கையாளரே போய்க் கணக்கை மூடுவதில்லை.

உட்கார்ந்த வேலை பற்றிக் கொஞ்சம் சொல்லியாகணும், இது நம் ஊர்ப் பிரச்சினை. லண்டன் டபுள் டெக்கர் பஸ்களில் டிரைவர், கண்டக்டர் இரண்டு பேரையும் ஒப்பிட்டு ஜெர்ரி மோரிஸ் என்ற டாக்டர் 1953-ல் எழுதினார். ஒரே பஸ், ஒரே கம்பெனி. ஆனால் நாள் முழுக்க மாடிப்படி ஏறி இறங்கிய கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவு, உட்கார்ந்தே ஓட்டிய டிரைவர்களுக்கு அதிகம். படித்தபோது எனக்கு எங்கள் வங்கிதான் ஞாபகம் வந்தது. 80-களில் லெட்ஜர் தூக்கிக்கொண்டு கவுண்டருக்கும் ஆபீசர் மேசைக்கும் ரெக்கார்டு ரூமுக்கும் நாள் முழுக்க நடந்தோம். கம்ப்யூட்டர் வந்தது, நாங்கள் எல்லோரும் டிரைவர் ஆகிவிட்டோம். இங்கே ஓவர்லாக், பேட்லாக் மெஷினில் ஒன்றரை ஷிப்ட் உட்காருகிறவர்களும், ஆபீசில் பையருக்கு மெயில் அடிக்கிறவர்களும் அதே வகை. "காலை எட்டரைக்குப் போய் ராத்திரி ஒன்பதுக்கு வருகிறவன் எப்ப நடக்கிறது?" என்று ஏ பிளாக் தம்பி கேட்டார். நியாயம்தான். போன் பேசும்போது எழுந்து நின்று நடந்துகொண்டே பேசுங்கள். ராத்திரி சாப்பிட்ட பிறகு ஆறில் மூன்று சுற்று. அதற்கும் ஆள் இருக்கிறது, ஒன்பதரைக்குக் கூடுகிறார்கள்.

நமக்கு நேர் முன்மாதிரி சென்னையில் இருக்கிறது. திருமங்கலம் ஏசியாட் காலனி, நம்மைப்போல நடுத்தர வர்க்கத்துக் குடியிருப்பு. டாக்டர் வி. மோகனின் சர்க்கரை நோய் ஆராய்ச்சி நிறுவனம் 90-களின் பிற்பகுதியில் அங்கே கணக்கெடுத்தபோது, 100 பேரில் 14 பேர்தான் ஏதோ ஒரு உடற்பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். டாக்டர்கள் வந்து விளக்கினார்கள். குடியிருப்புக்காரர்கள் தங்கள் சொந்தப் பணத்தில் நடப்பதற்காகவே ஒரு பூங்கா அமைத்தார்கள். சில வருடம் கழித்து மறுபடி கணக்கெடுத்தால் 58.7 சதவீதம்! 2006-ல் இது மருத்துவ இதழில் வந்தது. 44 சதவீதம் பேருக்குத் திடீரென்று ஞானோதயம் வந்துவிட்டதா? இல்லைங்க. ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுக்காரர் நடப்பது தெரிகிறது. அவர் நம்மைப் பார்த்துக் கை ஆட்டுகிறார். அதுவும் ஒரு காலிங் பெல்தான்.

பெண்களுக்காக ஒன்று. "வீட்டு வேலையே உடற்பயிற்சி" என்று சொல்லும் ஆண்களை நம்பாதீர்கள், அவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து சொல்கிறார்கள். ஸ்கூல் வேன் போகும்வரை உங்களுக்குக் காலை கிடையாது. சாயங்காலம் ஏழு மணிக்குத்தான் நேரம். அந்த நேரத்தில் பி பிளாக் பின்பக்கம் மூன்று விளக்கு எரிவதில்லை. சம்ப் பக்கம் பேவர் பிளாக் கல் பெயர்ந்து கிடக்கிறது. போன வருடம் அங்கே ஒரு அக்கா விழுந்து மணிக்கட்டு உடைந்தது. அன்றோடு ஐந்து பேர் நடையை நிறுத்தினார்கள். இதற்குப் பெயர் உந்துதல் குறைவா?

அதனால் தீர்மானத்தைப் பற்றி: நாலரை லட்சத்தை டிரெட்மில்லில் போட வேண்டாம் என்பது என் கருத்து. விளக்கு, கல், நாலு சிமென்ட் பெஞ்ச், ஒரு கைப்பிடிக் கம்பி. ஒன்றேகால் லட்சத்துக்குள் முடியும் என்று செயலாளர் விலைப்புள்ளி வாங்கி வைத்திருக்கிறார். மீதியை வங்கியில் போடுங்கள். ஆறு மாதம் கழித்து வாட்ச்மேன் நோட்டில் தினம் நாற்பது பெயர் இருந்தால், டிரெட்மில்லுக்கு நானே கை தூக்குகிறேன். நடை அலுத்தவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை நஞ்சராயன் குளம் இருக்கிறது. 2024-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த இடம். பறவை பார்க்கிறேன் என்று போகிற நம் பிள்ளைகள் எத்தனை தூரம் நடக்கிறார்கள் என்று அவர்களுக்கே தெரியாது.

கடைசியாக ஒன்று. போன கார்த்திகை மாதம் ஒருநாள் 5.40-க்குப் பெல் அடிக்கவில்லை. 5.45. 5.50. ஐயா தாமதமாக வருகிற ஆள் இல்லை. 5.55-க்கு நான் பி பிளாக் போனேன். அவர் வீட்டம்மா ஓசூரில். ரொம்ப நேரம் கழித்துக் கதவு திறந்தது. வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது, பேச்சு குழறியது, வலது கையால் தாழ்ப்பாளைப் பிடிக்க முடியவில்லை. 108-க்குப் போன் போட்டோம். ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "கடைசியா எத்தனை மணிக்கு நல்லா இருந்தார்?" 5.10-க்கு நடைக் குழுவுக்குக் "காலை வணக்கம்" அனுப்பியிருந்தார், எழுத்துப் பிழையில்லாமல். போனைக் காட்டினேன். ரத்தக் கட்டியைக் கரைக்கிற ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டால்தான் பலன், எங்களுக்கு நேரம் இருந்தது.

தினமும் நடந்தவருக்கே இப்படியா என்று சிலர் கேட்டீர்கள். நடை ஆபத்தைக் குறைக்கும், இல்லாமல் ஆக்காது. அவர் பிரஷர் மாத்திரையை இரண்டு மாதமாகத் தானாக நிறுத்தியிருந்தார். இதையும் சொல்லச் சொன்னது அவர்தான். நெஞ்சு வலி, மூச்சு வாங்கல் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் நாளைக்கே ஆரம்பிக்க வேண்டாம். சர்க்கரை மாத்திரை, இன்சுலின் எடுப்பவர்கள் சட்டைப் பையில் இரண்டு மிட்டாய் வைத்துக்கொள்ளுங்கள்.

ஐயா இப்போது தடி ஊன்றி இரண்டு சுற்று வருகிறார். அதோ மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். இப்போது 5.40-க்கு அவர் கதவை நான் தட்டுகிறேன். சில நாள் உள்ளேயிருந்து அவர் என்னைத் திட்டுவது கேட்கிறது.

வாட்ச்மேன் மேசையில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். இரண்டு பத்தி: தட்டுகிறவர், தட்டப்பட வேண்டியவர். வீட்டு எண், நேரம் எழுதினால் போதும். நேற்று ராத்திரி வரை பதினொரு பெயர் வந்திருக்கிறது, பத்துப் பேர் இரண்டாவது பத்தியில். முதல் பத்திக்கு ஆள் வேண்டும். காலிங் பெல் வேலை செய்யாத வீட்டுக்காரர்கள் எலக்ட்ரீஷியனை இன்றைக்கே கூப்பிட்டுவிடுங்கள்.